மணியை வரைய எந்த போட்டோ?

வீட்டு நாயையோ பூனையையோ ஓவியமாக வரைந்து தரச் சொல்லி ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் ஒரே ஒரு போட்டோவை அனுப்பி, "இதை அப்படியே வரைஞ்சு குடுங்க" என்பார்கள். இன்னொரு வகையினர் போனில் இருப்பதை மொத்தமாக அள்ளி அனுப்பி, "நீங்களே பார்த்து நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க" என்பார்கள். முதல் வகையில் வரைபவருக்குத் தகவல் போதாது. இரண்டாவதில் தகவல் கொட்டிக் கிடக்கும். எது முக்கியம் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. இரண்டிலும் ஓவியம் வீட்டுக்கு வந்த பிறகு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்ம மணி மாதிரி இல்லையே" என்ற பேச்சு வரும். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். அந்தப் பேச்சு வராமலிருக்க என்ன செய்யலாம் என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை. நாய் எப்படி இருக்கும் என்று வரைபவருக்குத் தெரியும். லாப்ரடார் காது எங்கே மடங்கும், பக் நாயின் நெற்றிச் சுருக்கம் எப்படி ஓடும், பெர்ஷியன் பூனையின் மூக்கு எவ்வளவு அமுங்கியிருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். தெரியாதது ஒன்றே ஒன்று: உங்கள் நாய் மற்ற நாய்களிடமிருந்து எங்கே மாறுபடுகிறது என்பது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இருந்தது. தபால்தலையின் வேலை ஓர் இனத்தைக் காட்டுவது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய இடுப்பு என்று எல்லா ராஜபாளையத்துக்கும் பொதுவானது அதில் வந்தால் போதும். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் ஓவியத்தின் வேலை இதற்கு நேர்மாறு. பொதுவானது எவ்வளவு சரியாக வந்தாலும், உங்கள் நாய்க்கு மட்டும் உரியது வராவிட்டால் அது யாரோ ஒருவர் வீட்டு நாய்தான். ஆகவே போட்டோவைப் பார்த்து "இதில் அழகாக இருக்கிறானா?" என்று கேட்பதைவிட, "இது இவன்தான் என்று இதில் எது சொல்கிறது?" என்று கேட்பது பயன்படும்.

கிராமபோன் குழாயருகே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும் நாயை எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது நிஜ நாய், பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தது. வளர்த்த மார்க் பராட் 1887-ல் இறந்துபோக, நாய் அவருடைய சகோதரரான ஓவியர் பிரான்சிஸ் பராட்டிடம் வந்தது. 1895-ல் நாயும் இறந்தது. அது பேசும் இயந்திரத்தின் முன்னால் நின்று காது கொடுத்ததை பிரான்சிஸ் ஓவியமாக்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். முதலில் அவர் வரைந்திருந்தது உருளை சுழலும் ஃபோனோகிராஃப். 1899-ல் கிராமபோன் கம்பெனி ஓவியத்தையும் அதன் உரிமையையும் 100 பவுண்டுக்கு வாங்கியபோது, அதன் மேலேயே தட்டு சுழலும் கிராமபோனை வரைந்து கொடுத்தார். இயந்திரம் மாறியது, தலைச்சாய்வு மாறவில்லை. அந்தச் சாய்வுதான் நிப்பர் என்பது கூடவே வாழ்ந்தவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஓவியர் உங்கள் நாயோடு ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவருக்கு அந்தச் சாய்வைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அதனால் போட்டோ தேர்வு கேலரியைத் திறப்பதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "மணின்னா உனக்கு உடனே என்ன ஞாபகம் வருது?" பாட்டி ஒரு காது நிமிர்ந்து மறு காது மடிந்து நிற்பதைச் சொல்வார். பையன், கீழ்ப்பல் ஒன்று உதட்டுக்கு வெளியே தெரிவதைச் சொல்வான். அம்மா, சோற்றுத் தட்டு சத்தம் கேட்டதும் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்ப்பதைச் சொல்வார். நாலைந்து வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னது எதுவோ, அது பட்டியலின் முதல் வரி. கேலரியில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். பின்னணி, பூந்தொட்டி, பிறந்தநாள் தொப்பி எல்லாம் பிறகு.

டெய்லரிடம் போகும்போது இரண்டு பொருள் எடுத்துப் போகிறோம். இந்த மாதிரி கழுத்து வேண்டும் என்று காட்ட ஒரு படம், அளவுக்கு ஒரு பழைய பிளவுஸ். படத்தை வைத்து அளவெடுக்க முடியாது. அளவு பிளவுஸை வைத்து மாடலைச் சொல்ல முடியாது. ஓவியத்துக்கும் அதே இரண்டு வேலைக்கு இரண்டு விதமான போட்டோ வேண்டும். "இந்தப் பார்வை, இந்த நிலை" என்று சொல்லும் முதன்மை போட்டோ ஒன்று. நிறம், காது, மச்சம், மறுபக்கம் என்று தகவல் சொல்லும் அளவு போட்டோக்கள் நாலைந்து. எல்லாத் தகவலும் உள்ள ஒரே போட்டோவைத் தேடி மாய்ந்துபோகிறவர்கள் இந்த இரண்டு வேலையையும் ஒன்றின் தலையில் ஏற்றுகிறார்கள்.

முதன்மை போட்டோவில் முதலில் பார்க்க வேண்டியது தூரம். செல்லத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்த போட்டோவில் மூக்கு பெரிதாகவும், கண் சின்னதாகவும், காது எங்கோ பின்னாலும் தெரியும். காரணம் எளிய கணக்கு. நாயின் மூக்கு கேமராவிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருக்கிறது, கண் அதற்கு 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். கண்ணோடு ஒப்பிட்டால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெருத்துப் பதிவாகும். அதே நாயை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அந்த வித்தியாசம் 5 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். லென்ஸ் எதுவானாலும் இந்த விகிதத்தைத் தீர்மானிப்பது தூரம்தான். ஆகவே போனில் எடுக்கும்போது இரண்டு எட்டு பின்னால் போய், 2x அல்லது 3x வைத்து எடுங்கள். கிட்டத்தில் எடுத்த பெரிய மூக்கு போட்டோ வேடிக்கையாக இருக்கும். வேடிக்கை ஓவியம் வேண்டுமென்றால் அதையே அனுப்பலாம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டு, முகம் சரியாக வரவில்லையே என்று கேட்பதில் நியாயமில்லை.

அடுத்து உயரம். நின்ற வாக்கில் கீழே பார்த்து எடுத்தால் தலை பெருத்து, கால்கள் குச்சியாகி, முதுகுதான் படம் முழுக்க இருக்கும். நாயின் கண் மட்டத்துக்குக் கேமரா இறங்க வேண்டும். முட்டி போட முடியாதவர்கள் நாயை மாடிப்படியில் இரண்டு படி மேலே உட்கார வைக்கலாம். பூனை தானாகவே காம்பவுண்டுச் சுவரிலும் ஜன்னல் திட்டிலும் ஏறிக்கொள்வதால் அங்கே இந்தக் கஷ்டம் பாதி குறைவு.

கோணம் முகத்தின் நீளத்தைப் பொறுத்தது. பக், ஷிட்ஸூ, பெர்ஷியன் பூனை மாதிரி தட்டை முகங்களை நேர் எதிரே பார்த்து வரைந்தாலும் ஆள் தெரியும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நீண்ட மூஞ்சிக்காரர்களை நேர் எதிரே எடுத்தால் அந்த நீளமே மறைந்து, மூக்கு ஒரு வட்டமாகி நின்றுவிடும். அவர்களுக்கு முக்கால் பக்கம் நல்லது: முகம் கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும், இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், மூக்கின் நீளமும் தெரிய வேண்டும். சிப்பிப்பாறையின் அழகே ஆழமான மார்பும் ஒட்டிய வயிறும்தான் என்று நினைக்கிறவர்கள் முகத்தோடு நிறுத்தாமல், முழு உடம்பைப் பக்கவாட்டில் எடுத்து வரையச் சொல்லலாம். அப்போது பாதங்கள் தெரிகிறதா என்று பாருங்கள். புல்லில் நிற்கும் போட்டோவில் பாதம் புதைந்திருக்கும்; எந்தக் காலில் வெள்ளை சாக்ஸ், எந்த நகம் கருப்பு என்று வரைபவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

இனி கண். தேர்ந்தெடுத்த போட்டோவை விரலால் விரித்து, ஒரு கண் மட்டும் திரையை நிரப்பும்வரை பெரிதாக்குங்கள். நல்ல போட்டோவானால் கண் பாப்பாவின் விளிம்பு தெரியும். அதைச் சுற்றியுள்ள வளையத்தில் உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம் என்று பிரிந்து தெரியும். மேல்பாதியில் ஜன்னலோ வானமோ வெள்ளைச் சதுரமாகப் பிரதிபலித்திருக்கும். கண்ணின் உள் மூலையில் ஈரம் மின்னும். இமையோரத்து முடிகளைத் தனித்தனியாக எண்ண முடியாவிட்டாலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்றாவது தெரியும். அந்த வெள்ளைப் பிரதிபலிப்பு மிக முக்கியம். அது இல்லாத கண் ஓவியத்தில் கண்ணாடிக் கோலிபோல உயிரில்லாமல் கிடக்கும். பெரிதாக்கியதும் கண் வெறும் கருப்புப் புள்ளியாகவோ கட்டம் கட்டமாகவோ உடைந்தால், அந்த போட்டோவை முதன்மைப் பதவியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றையும் ஒதுக்குங்கள். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரையின் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. டேப்பீட்டம் லூசிடம் என்று பெயர். மங்கிய வெளிச்சத்தில் அவற்றின் பார்வைக்கு உதவுவது அதுதான். ஃபிளாஷ் பட்டதும் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிவதற்கும் அதுவே காரணம். அந்த ஒளிர்வுக்கு அடியில் உண்மையான கண் நிறம் காணாமல் போய்விடும். பூனைக் கண்ணில் இன்னொரு சங்கதி உண்டு. வெயிலில் பாப்பா கோடாகச் சுருங்கும். அந்தி வெளிச்சத்தில் வட்டமாக விரியும். ஒரே பூனை இரண்டு ஆளாகத் தெரியும். சாயங்காலம் மடியில் வந்து படுக்கும் பூனைதான் உங்களுக்குத் தெரிந்த பூனை என்றால், முதன்மை போட்டோவை அந்த நேரத்தில் எடுங்கள். கண் நிறத்துக்கு மட்டும் பகலில் எடுத்த ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

வெளிச்சம் என்றால் உச்சி வெயில் இல்லை. மொட்டைமாடியில் பன்னிரண்டு மணிக்கு நிற்கும் நாய்க்குப் புருவ நிழல் கண்ணில் விழும், முதுகு வெளுக்கும், வயிறு இருளும், நாயும் கண்ணை இடுக்கிக்கொண்டு நாக்கைத் தொங்கவிட்டிருக்கும். காலை நேரத்து வராந்தா, மர நிழல், பெரிய ஜன்னலின் ஓரம் இவைதான் நல்ல இடங்கள். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் மெதுவாக வந்து மறுபக்கம் கொஞ்சம் இருள வேண்டும். முகத்தின் மேடு பள்ளம் தெரிவது அப்போதுதான்.

கருப்பு நாய்க்காரர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கன்னி நாயை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு உடம்பு, செவலைப் புருவம், செவலைக் கால்கள். வெளிச்சமான வாசலைப் பின்னணியாக வைத்து எடுத்தால், போன் அந்த வாசலுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நாய் கருப்பு அட்டையில் வெட்டிய உருவமாகிவிடும். திரையில் நாயின் முகத்தை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். பின்னணி வெளுத்துப்போனாலும் கவலையில்லை. நமக்கு வேண்டியது மார்பு முடி எந்தப் பக்கம் சுழிகிறது என்று காட்டும் அந்த மெல்லிய பளபளப்பு. வெள்ளை நாய்க்கு நேர் எதிர்: சூரியக் குறியைக் கீழே இறக்குங்கள். இருட்டில் கொஞ்சமாவது மீட்கலாம். ஒரேயடியாக வெளுத்துப்போன வெள்ளையில் மீட்க ஒன்றும் இருக்காது.

போனின் சில சௌகரியங்கள் இங்கே எதிரி. போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மென்பொருளால் மங்கலாக்குகிறது. முடிக்கும் பின்னணிக்கும் உள்ள எல்லையை அது பல நேரம் தவறாகக் கணித்து, மீசை முடியையும் காதோர முடியையும் சேர்த்து விழுங்கிவிடும். நைட் மோடு பல படங்களை ஒன்றாக்குகிறது. நாய் அசைந்தால் முடி மெழுகு பூசினதுபோல வழவழப்பாகிவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு எடுங்கள்.

நிறம் எப்போதும் தகராறு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ராஜபாளையம் சந்தன நிறமாகிவிடும். புல்தரையில் படுத்தால் வெள்ளை வயிற்றில் பச்சை ஏறும். சிவப்புப் போர்வையில் தாடை சிவக்கும். வரைபவர் இதையெல்லாம் போட்டோவில் பார்த்து அப்படியே நம்பினால் குற்றம் அவருடையது இல்லை. சுலபமான வழி: பகலில், நிழலில், நாயின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு போட்டோ எடுங்கள். தாள் எவ்வளவு நிறம் மாறித் தெரிகிறதோ அவ்வளவுதான் நாயும் மாறியிருக்கும். வரைபவர் அதைக் கழித்துக்கொள்வார். அளவு போட்டோக்களில் மிகவும் பயன்படுவது இதுதான்.

அடுத்தது திட்டுகள். மூவண்ணப் பூனை வைத்திருப்பவர்கள், "ஒரு பக்கம் அனுப்பினா போதும், மறுபக்கமும் அப்படித்தானே இருக்கும்" என்று நினைக்கக் கூடாது. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது, பெயர் சிசி. மூலப் பூனையான ரெயின்போ மூவண்ணத் திட்டுக்காரி. சிசி உடம்பில் அந்த ஆரஞ்சுத் திட்டே வரவில்லை. மரபணு ஒன்றாக இருந்தும் முடியின் நிறம் வேறு. காரணம், பெண் பூனையின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருவிலேயே அடங்கிவிடுகிறது; எது அடங்குகிறது என்பது தற்செயல். ஆரஞ்சா கருப்பா என்று சொல்லும் மரபணு அந்த எக்ஸில்தான் இருக்கிறது. திட்டு எங்கே விழும் என்பதை இனத்தை வைத்தோ தாயை வைத்தோ யாரும் ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததை போட்டோதான் சொல்ல வேண்டும்: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று.

இடம் வலம் என்றதும் செல்ஃபி ஞாபகம் வருகிறது. சில போன்களில் முன் கேமரா எடுத்த போட்டோ கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிப் பதிவாகும். நெற்றிக் கோடு வலப்பக்கம் சாய்ந்த நாய், ஓவியத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். வீட்டுக்காரர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும். என்னவென்று சொல்லத் தெரியாது. பின்னால் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து திரும்பியிருந்தால் நாயும் திரும்பியிருக்கிறது.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாய்களுக்கு இன்னொரு அடையாளம் இருக்கும். கருத்தடை முடிந்ததன் அறிகுறியாகக் காது நுனியில் சின்ன வெட்டு போட்டிருப்பார்கள். வரைபவர் அதை நிழல் என்றோ, போட்டோவில் காது மடங்கியது என்றோ நினைத்து, நல்லெண்ணத்தில் காதை முழுசாக்கிவிடுவார். மூக்கின் மேல் பழைய தழும்பு, வயதானதில் கண்ணில் விழுந்த நீலப் பூச்சு, நரைத்த தாடை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இவை வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள். பொதுவாக வேண்டும் என்பதே என் கட்சி. தெருவில் பத்து செவலை நாய் நின்றால் உங்கள் நாயை நீங்கள் கண்டுபிடிப்பது அந்த வெட்டையும் தழும்பையும் வைத்துத்தான்.

வயதையும் முடிவு செய்துவிடுங்கள். இரண்டு வயதில் எடுத்த முகத்தையும் பதினோரு வயதில் எடுத்த உடம்பையும் சேர்த்தால் எந்தக் காலத்திலும் இல்லாத நாய் ஒன்று உருவாகும். "இந்த போட்டோவில் தலை நன்றாக இருக்கிறது, அந்த போட்டோவில் உடம்பு நன்றாக இருக்கிறது, ஒட்டிவிடுங்கள்" என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒன்றில் வெளிச்சம் இடமிருந்து வந்திருக்கும், மற்றதில் வலமிருந்து. ஒன்று கண் மட்டத்தில், மற்றது மேலிருந்து. இரண்டு செல்லங்களை ஒரே ஓவியத்தில் சேர்க்கச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே உயரத்திலிருந்து தனித்தனியே எடுங்கள். யார் எவ்வளவு உயரம் என்று தெரிய, ஒவ்வொருவரையும் 20 லிட்டர் தண்ணீர் கேன் பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தால் போதும்.

ஓவியம் இல்லாமல் பொம்மையாகச் செய்யச் சொல்கிறீர்கள் என்றால் கணக்கு மாறும். கம்பளி இழையைச் சின்னக் கொக்கிகள் வெட்டிய ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிச் செய்யும் பொம்மைகளுக்கும், களிமண் சிலைகளுக்கும் அழகான ஒரு பார்வை போட்டோ பாதி உதவிதான். வால் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சுருள்கிறது, பின்னங்கால் மடிப்பு, மேலிருந்து பார்த்தால் இடுப்பு எவ்வளவு ஒடுங்குகிறது, காதின் பின்புறம் என்ன நிறம் என்று சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். இங்கே மேலிருந்து எடுத்த போட்டோவுக்கும் மரியாதை உண்டு.

இனி, செல்லம் இறந்த பிறகு வரைய நினைப்பவர்கள். புதிதாக எடுக்க வழியில்லை, இருப்பதிலிருந்துதான் தேர்வு. முதலில் வீடியோக்களைத் தேடுங்கள். 4கே வீடியோவை நிறுத்தி எடுக்கும் ஒரு காட்சியில் சுமார் 80 லட்சம் புள்ளிகள் இருக்கும். சாதாரண ஃபுல் எச்டியில் சுமார் 20 லட்சம். நாய் ஓடும்போது இல்லாமல், நின்று திரும்பிப் பார்க்கும் நொடியில் நிறுத்துங்கள். குடும்ப போட்டோக்களின் ஓரத்தில் படுத்திருப்பதையும் விடாதீர்கள். அண்ணன் கல்யாண ஆல்பத்தில் நாற்காலிக்கு அடியிலிருந்து மணி எட்டிப் பார்த்திருக்கலாம். பழைய பிரிண்ட் என்றால் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேராக மேலே நின்று எடுங்கள்.

மங்கிய போட்டோவைத் தெளிவாக்குகிறேன் என்று சொல்லும் ஏஐ செயலிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். போட்டோவில் இல்லாத தகவலை அவை கண்டுபிடித்துத் தருவதில்லை. ஆயிரம் நாய்களைப் பார்த்த அனுபவத்தில் ஒரு நாயைக் கற்பனை செய்து அங்கே நிரப்புகின்றன. வருவது கூர்மையான கண்தான், ஆனால் வேறொரு நாயின் கண். இணையத்தில் கிடைத்த அதே இனத்து நாயின் போட்டோவை அனுப்பினாலும் இதே கதைதான். மங்கலான அசல், தெளிவான கற்பனையைவிட வரைபவருக்கு உதவும். வேண்டுமானால் இரண்டையும் அனுப்பி, எது எது என்று குறித்துவிடுங்கள்.

அனுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும். 2023 முதல் எச்டி என்று ஒரு வசதி இருக்கிறது. அதைவிட, டாக்குமென்ட் ஆக அனுப்பினால் அசல் கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், ஓரத்தை வெட்டவும் வேண்டாம். வெட்டுவதை வரைபவர் பார்த்துக்கொள்வார். அசல் கோப்புக்குள் எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கக்கூடும். முன்பின் தெரியாதவருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் லொகேஷனை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

போட்டோவோடு ஒரு குறிப்பும் போக வேண்டும். நீளமாக வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் அக்கா. இது மணி, ஒன்பது வயசு. முதல் போட்டோதான் முக்கியம். கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கிற இந்தப் பார்வை கண்டிப்பா வேணும். நிறத்துக்கு ரெண்டாவது போட்டோவைப் பாருங்க, வெள்ளைத் தாள் பக்கத்துல இருக்கு. மூணு, நாலு: இடது, வலது பக்கம். இடது காது நுனியில இருக்கிறது வெட்டு, நிழல் இல்ல, அப்படியே வரைங்க. கீழ்ப்பல் ஒண்ணு வெளிய தெரியும், அதை மறைக்க வேண்டாம். அஞ்சாவது போட்டோ செல்ஃபி, இடம் வலம் மாறியிருக்கு. அதுல கழுத்துப் பட்டையை மட்டும் பார்த்துக்குங்க. பின்னாடி இருக்கிற பைக் வேண்டாம்."

இந்தப் பத்து வரி இருந்தால் வரைபவர் உங்களுக்கு நாலு முறை போன் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு போட்டோவும் எதற்காக வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒன்றிலுள்ள குறையை மற்றொன்றால் சரிசெய்துகொள்வார்.

கடைசியாக, நிறம் ஏற்றுவதற்கு முன் பென்சில் கோட்டளவில் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். பலர் தாமாகவே காட்டுவார்கள். காது கொஞ்சம் இறங்க வேண்டும், கண்களுக்கு நடுவே இடைவெளி குறைய வேண்டும் என்பதை அப்போது சொன்னால் ரப்பர் வைத்து ஐந்து நிமிஷத்தில் சரியாகும்; வாட்டர்கலர் காய்ந்த பிறகு சொன்னால் புதுத் தாள்தான். அந்த நேரத்தில் "சூப்பரா இருக்கு" என்று உடனே பதில் போடாமல், ஆரம்பத்தில் எழுதிய நாலைந்து வரியை எடுத்து, ஒவ்வொன்றும் கோட்டில் வந்திருக்கிறதா என்று டிக் போடுங்கள். பிறகு யாருடையது என்று சொல்லாமல் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளையிடம் காட்டுங்கள். "நாய்" என்று சொன்னால் அக்காவுக்கு இன்னொரு குறிப்பு எழுத வேண்டியிருக்கும். "மணி" என்று சொன்னால் நிறம் ஏற்றச் சொல்லிவிட்டு பாக்கிப் பணத்தை அனுப்பலாம்.